மணவாளன் வருகிறார்: நம் பாத்திரத்தில் எண்ணெய் உண்டா?



பிரியமானவர்களே! இம்மாதம் நாம் தியானிக்கப்போகும் சத்தியம் நமக்குப் புதியதல்ல. ஆண்டவர் மீண்டும் வருகிறார் என்பதை ஞாயிறு ஆராதனையில் கேட்கிறோம். உபவாசக் கூட்டத்தில் கேட்கிறோம். வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்குத்தத்தக் காலண்டரிலும் வாசிக்கிறோம். அடிக்கடி கேட்கிற சத்தியத்துக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. சிலர் கேட்டுக் கேட்டு மரத்துப்போய்த் தூங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் பரபரப்படைந்து, பேனாவை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். தூங்குகிறவர்களை எழுப்பவேண்டும் என்று புறப்பட்டு, கணக்குப் போடுகிறவர்களை உண்டாக்கிவிட்ட ஓர் ஊழியனே இதை எழுதுகிறேன். ஆகவே போதனைக்கு முன்பாக ஓர் அறிக்கையைச் செய்ய விரும்புகிறேன்.

1999 டிசம்பர்

மும்பையில், தாராவியின் ஒரு சந்தில், தகரக் கூரையின் கீழே எங்கள் சபை கூடிவந்த நாட்கள் அவை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த குடும்பங்களே சபையில் மிகுதி. தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாளில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். 2000-ஆம் ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும், வங்கிகள் முடங்கும் என்ற பேச்சு அப்போது எங்கும் பரவியிருந்தது. நானும் அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் வாரந்தோறும் வருகையைக்குறித்தே பிரசங்கித்தேன். தேதி எதையும் நான் சொல்லவில்லை. ஆனால், “புத்தாண்டுக்குத் துணி எடுக்கிறவர்களே, புத்தாண்டு வருமா என்று யோசித்தீர்களா?” என்று கேட்டேன். ஜனங்கள் அழுதார்கள். அந்த அழுகையைக் கண்டு நான் மகிழ்ந்தேன்.

தோல் பட்டறையில் வேலைசெய்த ஒரு சகோதரன் ஒருநாள் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தார். அவருடைய மூத்த மகள் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் மாதத்துப் பொதுத்தேர்வுக்குப் பணம் கட்டவேண்டிய சமயம். “பாஸ்டர் ஐயா, கர்த்தர் வாசற்படியில் நிற்கும்போது பிள்ளைக்குச் சர்டிபிகேட் எதற்கு? அந்தப் பணத்தை ஊழியத்துக்குத் தந்துவிடுகிறேன்” என்றார். அவருடைய வைராக்கியம் என் உள்ளத்தைப் பூரிக்கச் செய்தது. “முதலில் பிள்ளைக்குப் பணத்தைக் கட்டுங்கள்” என்று சொல்லவேண்டிய என் வாய் “ஆமென்” என்றது. காணிக்கையை வாங்கி, ஜெபித்து அனுப்பினேன்.

2000 ஜனவரி 1, சனிக்கிழமை, வழக்கம்போல் விடிந்தது. மின்சார ரயில்கள் ஓடின. பட்டறைகள் திறந்தன. அந்தப் பெண்பிள்ளை மார்ச்சில் தேர்வு எழுதவில்லை. ஜூன் மாதத்தில் தையல் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். அவளுடைய தகப்பனார் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மகளைக்குறித்துக் கடைசியில் எழுதுகிறேன். அதற்குமுன், நான் எங்கே தவறினேன் என்பதை வேதத்திலிருந்தே பார்ப்போம்.

விலாசம் தெரிந்தவர்கள், வீட்டுக்குப் போகவில்லை

தீர்க்கதரிசனத்தை அறிவது ஒன்று, ஆயத்தமாயிருப்பது மற்றொன்று. இதை ஆண்டவரின் முதலாம் வருகையே நமக்குக் கற்பிக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எருசலேமில் விசாரித்தபோது, ஏரோது ராஜா பிரதான ஆசாரியரையும் வேதபாரகரையும் கூட்டி, கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று கேட்டான் (மத்தேயு 2:4-6). அவர்கள் தடுமாறவில்லை. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பு மீகா தீர்க்கதரிசி உரைத்ததை (மீகா 5:2) எடுத்துக்காட்டி, யூதேயாவிலுள்ள பெத்லகேம் என்று சரியான விடையைச் சொன்னார்கள். வேதபாடத் தேர்வாக இருந்தால் நூற்றுக்கு நூறு!

ஆனால் அவர்களில் ஒருவராவது பெத்லகேமுக்குப் புறப்பட்டதாக வேதத்தில் இல்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான். மும்பைவாசிகளுக்குச் சொல்வதானால், தாதரிலிருந்து சர்ச்கேட் போகிற அளவு தூரம். அந்நியராகிய சாஸ்திரிகள் தூரதேசத்திலிருந்து நடந்து வந்து பணிந்துகொண்டார்கள். வேதவசனத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

அதே நாட்களில் அதே எருசலேமில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சிமியோன், மற்றவர் அன்னாள் என்னும் விதவைத் தாயார். லூக்கா 2-ஆம் அதிகாரம் அவர்களைப்பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். சிமியோன் நீதியும் தேவபக்தியும் உள்ளவராய் இஸ்ரவேலின் ஆறுதலுக்காகக் காத்திருந்தார். பரிசுத்த ஆவியானவர் அவர்மேல் இருந்தார். அன்னாள் 84 வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காமல் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் ஆராதித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஆண்டைக் கணக்கிட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. தங்களுக்குக் கொடுக்கப்பட்ட அன்றாட ஊழியத்தில் அவர்கள் இருந்தார்கள். அந்த ஊழியத்தின் நடுவிலேயே ஆண்டவர் ஒரு குழந்தையாய் அவர்கள் கைகளுக்கு வந்தார். முதலாம் வருகைக்கு ஆயத்தமாயிருந்தவர்கள் இவர்களே என்றால், இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாயிருப்பவர்கள் எத்தன்மையுள்ளவர்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தேதி குறித்தவர்களின் கண்ணீர்

நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார். தேவதூதர்களும் அறியார் என்று ஆண்டவர் தெளிவாகக் கூறிவிட்டார் (மத்தேயு 24:36). காலங்களும் வேளைகளும் பிதாவின் அதிகாரத்தில் இருப்பதால் அவை உங்களுக்குரியவை அல்ல என்று, பரத்துக்கு ஏறுமுன்னும் சீஷர்களுக்கு நினைப்பூட்டினார் (அப்போஸ்தலர் 1:7). ஆயினும் மனுஷர் விடவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேலின் புஸ்தகத்திலிருந்து கணக்கிட்டு வருகையைப் போதித்தார். அவருடைய இயக்கத்தார் கடைசியாக எதிர்பார்த்த நாள் 1844 அக்டோபர் 22. விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. இரவெல்லாம் காத்திருந்து, விடிந்தபின் அவர்கள் அழுத அழுகையால் அந்நாளுக்குப் “பெரும் ஏமாற்றம்” என்றே சரித்திரத்தில் பெயராயிற்று.

நம் தேசமும் இதற்கு விலக்கல்ல. திருவிதாங்கூரில் பிராமண குலத்திலிருந்து இரட்சிக்கப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு என்னும் ஊழியக்காரர், 1875-இல் எழுப்புதலின் அனலில், ஆறு ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, கடந்தது. அவர் கல்விமான், பாடல்களை இயற்றியவர், அவருடைய பாடல்களை மலையாள சபைகள் இன்றும் பாடுகின்றன. வரம்பெற்ற பாத்திரமும் இவ்விஷயத்தில் தவறக்கூடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1948 மே 14 அன்று இஸ்ரவேல் தேசம் மீண்டும் உருவானது நம் அனைவரையும் சிந்திக்கவைக்கிற சம்பவம். ஆனால் அதோடு 40 ஆண்டுகளைக் கூட்டி, எட்கர் விஸ்நன்ட் என்பவர் 1988 செப்டம்பரில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று புத்தகமே எழுதினார். 1992 அக்டோபர் 28 என்று கொரியாவில் ஒரு கூட்டத்தார் குறித்தார்கள். விசுவாசிகள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள்; அவர்களுடைய தலைவரோ, 1993-இல் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார். 2011 மே 21 என்று ஹெரால்டு கேம்பிங் வானொலியில் முழங்கினார், அந்த நாள் பொய்த்தபின் அக்டோபர் 21 என்றார், அதுவும் பொய்த்தது.

இந்தத் தேதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் குடும்பங்கள் இருந்தன. அறுக்கப்படாத வயலும், விற்கப்பட்ட வீடும், படிப்பை விட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நான் தேதி குறிக்காதவன் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. தேதியைச் சொல்லாமல் பயத்தை மட்டும் விதைத்தவனும் அந்த அறுவடைக்குப் பங்காளியே.

அப்படியானால் அடையாளங்கள் எதற்கு?

“அப்படியானால் தீர்க்கதரிசனத்தைப் பேசவே வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். பேசவேண்டும். நாம் பேசாவிட்டால் கல்லுகள் பேசும். யுத்தங்களும், பஞ்சங்களும், கொள்ளைநோய்களும், பூமியதிர்ச்சிகளும் உண்டாகும் என்று ஆண்டவரே சொன்னார் (மத்தேயு 24:6-8). ஆனால் அதே இடத்தில் அவர் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொன்னார். ஒன்று, கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்பது. மற்றொன்று, இவையெல்லாம் பிரசவ வேதனையின் தொடக்கம் போன்றவை என்பது. பிரசவ வேதனை தொடங்கிய வீட்டில் என்ன செய்கிறார்கள்? கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களால் பயனில்லை. தண்ணீரைக் காய்ச்சி, துணியை எடுத்து வைத்து, தாயின் பக்கத்தில் இருப்பவர்களே அந்நேரத்துக்கு வேண்டியவர்கள்.

2001 ஜனவரி 26-இல் குஜராத் அதிர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் நம் ஜனங்களை வாரிக்கொண்டு போனபோதும், 2020-இல் கொள்ளைநோயால் தேசமே கதவடைத்து, நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள் நெடுஞ்சாலைகளில் கால்நடையாய் ஊருக்குத் திரும்பியபோதும், “இதுதான் முடிவு” என்றவர்கள் பலர். முடிவு அப்பொழுது வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆண்டவர் தம் சபையைத் தட்டி எழுப்பி, “என் பிள்ளையே, பக்கத்தில் இருப்பவனுக்கு நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார்.

நோவாவின் நாட்களைப்போல அந்த நாளும் இருக்கும் என்றார் ஆண்டவர் (மத்தேயு 24:37-39). அந்த நாட்களில் ஜனங்கள் புசித்தார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள். இவற்றில் ஒன்றுகூடத் தன்னில்தானே பாவமல்ல. ஜலப்பிரளயம் வருமட்டும் உணராதிருந்ததே அவர்களுடைய கேடு.

இதை நான் கண்ணாரக் கண்ட நாள் 2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அன்று காலை மும்பையில் எல்லா வீடுகளிலும் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பா கட்டினார்கள். ஆண்கள் ரயில் ஏறினார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மத்தியானத்துக்குமேல் வானம் திறந்தது. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நகரத்தின் தென்முனையாகிய கொலாபாவிலோ 73 மில்லிமீட்டர் மட்டுமே. தென்கோடியில் அலுவலகத்தில் இருந்தவர், சாதாரண மழைதானே என்று தேநீர் அருந்திக்கொண்டிருந்த நேரத்தில், மித்தி நதியின் ஓரத்தில் அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் கழுத்தளவு நின்றது. ஒரே நகரம், ஒரே மாலைப்பொழுது. ஒருவருக்கு வெள்ளம், ஒருவருக்குத் தூறல். நம்மைச் சுற்றி எல்லாம் அமைதியாக இருப்பது, எங்கும் அமைதி என்பதற்கு அத்தாட்சியல்ல. அடையாளங்கள் நம்மை விழித்திருக்கச் செய்வதற்கே கொடுக்கப்பட்டிருக்கின்றன.

“எப்பொழுது?” என்றவர்களுக்கு ஆண்டவர் சொன்னது

ஒலிவமலையில் சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி, இவை எப்பொழுது நடக்கும் என்பது (மத்தேயு 24:3). அடையாளங்களைச் சொன்னபின் ஆண்டவர் அந்த உரையாடலை எப்படி முடித்தார் என்று கவனித்திருக்கிறீர்களா? வரிசையாக உவமைகளைச் சொன்னார். அவை யாவும், அவர் வரும்போது நாம் எப்படிக் காணப்படவேண்டும் என்பதையே பேசுகின்றன.

முதலில் உண்மையுள்ள ஊழியக்காரன் (மத்தேயு 24:45-51). எஜமான் வரும்போது அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? வீட்டாருக்கு ஏற்ற வேளையில் ஆகாரம் கொடுத்துக்கொண்டிருந்தான். பொல்லாத ஊழியக்காரனோ, எஜமான் வர நாள் செல்லும் என்று உள்ளத்தில் எண்ணி, உடன்வேலைக்காரரை அடிக்கத் தொடங்கினான். இது என்னை மிகவும் நடுங்கச் செய்கிற வசனம். வருகையை நம்புகிறேன் என்று வாய் சொல்லலாம். ஆனால் வீட்டில் மனைவியை நடத்தும் விதமும், பட்டறையில் வேலைப்பையனை நடத்தும் விதமும், “என் எஜமான் இப்போது வரமாட்டார்” என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது பத்துக் கன்னிகைகள் (மத்தேயு 25:1-13). பத்துப் பேரும் கன்னிகைகள். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப் பேருமே தூங்கினார்கள். நடுராத்திரிச் சத்தத்தைப் பத்துப் பேருமே கேட்டார்கள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததா என்பது மட்டுமே அவர்களைப் பிரித்தது. அதுவும் நடுராத்திரி வரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நமக்கு எண்ணெய் என்றதும் அபிஷேகம் நினைவுக்கு வருகிறது, சரியே. ஆனால் பல ஆண்டுகளுக்குமுன் ஓர் உபவாசக் கூட்டத்தில் நிரம்பி வழிந்ததை வைத்தே இன்றுவரை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அன்று ஊற்றப்பட்ட எண்ணெய் இன்று பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது? மனைவியின் ஜெபத்தில் கணவன் பிழைக்க முடியாது. பாஸ்டரின் ஜெபத்தில் சபை பிழைக்க முடியாது. அந்த எண்ணெயைக் கடன் வாங்க வழியில்லை.

மூன்றாவது தாலந்துகள் (மத்தேயு 25:14-30). ஒரு தாலந்து என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் கூலி. ஒரு தாலந்து பெற்றவன் அதைத் திருடவில்லை, சூதாடவில்லை. பத்திரமாகப் புதைத்து வைத்தான். எஜமான் வரப்போகிறாரே என்று பயந்து ஒன்றும் செய்யாமல் இருந்ததே அவனுடைய குற்றம். 1999-இல் நான் பிரசங்கித்த பயம் இப்படிப்பட்டதுதான். அது ஒரு பிள்ளையின் தாலந்தை மண்ணில் புதைத்தது.

தெசலோனிக்கேயரின் நிருபத்தில் ஒரு வரிசை

கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டிப் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர் முதலாம் நிருபத்தில் ஐந்து அதிகாரங்கள் உண்டு. ஐந்து அதிகாரங்களிலும் வருகையைப்பற்றிய வசனம் இருக்கிறது. எக்காள சத்தத்தையும், மரித்தோர் எழுந்திருப்பதையும், உயிரோடிருக்கும் நாம் மேகங்களில் ஆண்டவரைச் சந்திக்க எடுத்துக்கொள்ளப்படுவதையும் 4-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனம் முதல் வாசித்து நாம் களிகூருகிறோம். அதற்குச் சற்றுமுன் 11, 12-ஆம் வசனங்களில் என்ன இருக்கிறது? அமைதலாய்ப் பிழையுங்கள், சொந்தக் கைகளால் வேலைசெய்யுங்கள், வெளியாருக்குமுன் யோக்கியமாய் நடந்துகொள்ளுங்கள் என்ற புத்திமதி இருக்கிறது! வேலையை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தவர்களுக்கு இரண்டாம் நிருபத்தில் இன்னும் கடுமையாகவே எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10-12).

ரோமருக்கு எழுதிய நிருபம் 13-ஆம் அதிகாரத்திலும் இதே வரிசையைக் காணலாம். இரவு கழிந்து பகல் நெருங்கிவிட்டது, தூக்கத்தை விட்டு எழுந்திருங்கள் என்பது 11, 12-ஆம் வசனங்களின் சாரம். அதற்கு மூன்று வசனங்களுக்குமுன், அன்பைத் தவிர வேறெதிலும் ஒருவருக்கும் கடன்பட்டிராதிருங்கள் என்ற கட்டளை. எக்காளத்தையும் கடன் பாக்கியையும் ஆவியானவர் இவ்வளவு அருகருகே வைத்திருக்க, நாம் ஏன் பிரித்துப் பேசுகிறோம்?

கேட்காவில் ஒரு சாட்சி

மும்பையிலிருந்து சோலாப்பூர் மார்க்கமாக ஊருக்குப் போகிற ரயில், புனேயைத் தாண்டி தவுண்டு சேருமுன் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடக்கும். அந்த ஊரில்தான் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் இருக்கிறது. பஞ்சத்தில் அநாதைகளான பெண்பிள்ளைகளையும் இளம் விதவைகளையும் அவர் நூற்றுக்கணக்கில் சேர்த்துக் காத்தார். 1905-இல் அங்கே திரளான பிள்ளைகள் எழுப்புதலுக்காக ஜெபித்தபோது, ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அமெரிக்காவில் அசுசா தெரு எழுப்புதல் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

எழுப்புதல் வந்ததென்று அங்கே வேலை நிற்கவில்லை. பிள்ளைகள் படித்தார்கள், தறி நெய்தார்கள், அச்சுக் கோத்தார்கள். ரமாபாய் அம்மையார் வேதாகமத்தை எளிய மராட்டியில் மொழிபெயர்ப்பதைத் தம் வாழ்நாளின் கடைசி வரையில் செய்துகொண்டிருந்தார். 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எழுத்துவாசனை மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் கையில் புத்தகத்தையும், அவர்கள் நாவில் ஜெபத்தையும் கொடுத்த அந்தத் தாயாரைவிட ஆயத்தமாயிருந்தவர் யார்? அடுத்த முறை அந்த நிலையத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாய்ப் பார்த்து ஒரு நிமிஷம் ஸ்தோத்திரம் செய்யுங்கள்.

நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம்

பிரியமானவர்களே, இன்றிரவே எக்காளம் தொனித்தால் நாம் எப்படிக் காணப்படுவோம்? நான்கு கேள்விகளை உங்கள்முன் வைக்கிறேன். முதலில் என்முன் வைத்துக்கொண்டேன்.

முதலாவது, யாருக்காவது கொடுக்கவேண்டியது பாக்கி இருக்கிறதா? எடுத்த சீட்டுக்குக் கட்டாத தவணை, கைமாற்றாய் வாங்கி மறந்துபோன பணம், நம்மிடம் வேலைசெய்தவருக்குக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் கூலி. ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த அன்றே சகேயு கணக்குத் தீர்த்தான் (லூக்கா 19:8).

இரண்டாவது, யாரோடாவது பேசாமல் இருக்கிறோமா? நகரத்துக்கு வந்த நம்மில் அநேகருக்கு ஊரில் ஒரு பங்காளிச் சண்டை உண்டு. அரை ஏக்கர் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் பல ஆண்டுகளாய் முகம் பாராதிருக்கிறார்கள். இருவருமே ஆவியில் நிறைந்து ஆராதிக்கிறார்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). இன்றைக்கே ஒரு போன் செய்யுங்கள்.

மூன்றாவது, ஒருவரும் பார்க்காதபோது நான் யார்? முன்பு பாவத்தைத் தேடிப் போகவேண்டியிருந்தது. இன்று அது கைபேசியில், போர்வைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அவரைக் காணும் நம்பிக்கையுள்ளவன் அவர் சுத்தமாயிருக்கிறதுபோலத் தன்னையும் சுத்திகரித்துக்கொள்கிறான் என்பது யோவானின் போதனை (1 யோவான் 3:2-3).

நான்காவது, எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்கிறேனா? ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதும், பிள்ளைகளின் படிப்பும், மாலையில் குடும்ப ஜெபமும், பக்கத்து வீட்டாருக்கு இரட்சகரை அறிவிப்பதும் அந்த வேலைதான். ஆண்டவர் தாமதிப்பதாக நமக்குத் தோன்றுவதெல்லாம், ஒருவரும் கெட்டுப்போகாமல் மனந்திரும்பவேண்டும் என்ற அவருடைய நீடிய பொறுமையே (2 பேதுரு 3:9). அந்தப் பொறுமையின் நாட்களை நாம் வீணாக்கலாகாது.

அந்த மகள் கேட்டது

2023-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி தன் மகளோடு என்னிடம் வந்து நின்றார். தையல் பட்டறைக்குப் போன அந்தப் பெண்பிள்ளைதான். இப்போது அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. தேர்வுக்காக ஜெபிக்கச் சொன்னார். நான் கையை உயர்த்தப் போனபோது, அமைதியாக ஒன்று கேட்டார்: “பாஸ்டர் ஐயா, கர்த்தர் சீக்கிரம் வருகிறார் என்று இனியும் பிரசங்கம் செய்யுங்கள். நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வீர்களா?”

என்னால் ஜெபிக்க முடியவில்லை. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் அன்றே மன்னித்துவிட்டேன் ஐயா, அப்பாவுக்குத்தான் கடைசிவரை மனது ஆறவில்லை” என்றார். அவருடைய தகப்பனார் அதற்குள் கர்த்தரிடம் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி எனக்கு இங்கே வழியில்லை. கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நாமெல்லாரும் நிற்கும் நாளைக்குறித்து (2 கொரிந்தியர் 5:10) நான் பேசும்போதெல்லாம், இப்பொழுது அந்தச் சகோதரனின் முகமே என்முன் வருகிறது.

ஆகவே, அந்த மகளுக்குக் கொடுத்த வாக்கின்படி சேர்த்தே எழுதுகிறேன். கர்த்தர் வருகிறார், அது நிச்சயம். அவர் இன்றிரவு வரலாம், விழித்திருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள், கடனைத் தீருங்கள், சகோதரனோடு ஒப்புரவாகுங்கள், நாளைக் காலையில் வேலைக்குப் போங்கள். எக்காளம் தொனிக்கும்போது நாம் அங்கே, அந்த வேலையில், அவருடைய ஆவியினால் நிறைந்தவர்களாய்க் காணப்படுவோமாக.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, உம்முடைய குமாரனின் வருகைக்கு எங்களை ஆயத்தப்படுத்தும். பயத்தினால் அல்ல, அன்பினால் எங்களை விழித்திருக்கச் செய்யும். நாங்கள் இடறலாயிருந்தவர்களை நினைப்பூட்டி, தாமதமாகுமுன் அவர்களிடத்தில் போகக் கிருபை தாரும். எங்கள் பாத்திரங்களை இன்று புதிதாய் நிரப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!